சூட் தைக்கும் முன் ஷூ வாங்குங்கள்: அளவு, துணி, நிறம், பராமரிப்பு குறித்த முழு வழிகாட்டி

ரிசப்ஷனுக்கோ முதல் வேலைக்கோ சூட் எடுப்பவர்கள் பெரும்பாலும் துணியில் தொடங்கி, தையல் கூலி பேசி, டை வாங்கி, கடைசி இரண்டு நாளில் மிஞ்சிய பணத்துக்கு ஒரு ஷூ வாங்குகிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலே பல சிக்கல்கள் வராது. பேண்ட் எங்கே முடிய வேண்டும் என்பதை முடிவு செய்வது ஷூ. ஃபார்மல் ஷூவின் ஹீல் சுமார் 2.5 செ.மீ. உயரம் இருக்கும். ரப்பர் செருப்போடு நின்று தரையிலிருந்து அளவு கொடுத்துவிட்டு வந்தால், ஷூ போட்ட அன்று பேண்ட் கணுக்காலுக்கு ஏறி நிற்கும். பாட்டம், அதாவது பேண்ட் கால் விளிம்பின் சுற்றளவும் அப்படித்தான். மெலிந்த ஷூவுக்கு எடுப்பாக இருக்கும் 14 இஞ்ச் பாட்டம், தடித்த சோல் வைத்த ஷூவின் மேல் சிக்கி, முழங்காலுக்குக் கீழே சுருக்கம் சுருக்கமாக நிற்கும். பெல்ட்டின் நிறமும் ஷூவைப் பார்த்துத்தான். ஆகவே ஷூவிலிருந்து ஆரம்பிப்போம். மொத்த பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்குங்கள். சூட்டை ஆண்டுக்கு நாலைந்து முறைதான் போடுவீர்கள். நல்ல ஷூவைச் சாதாரண பேண்ட்டோடும் மாதாமாதம் போடலாம்.

எந்த வகை ஷூ

லேஸ் கட்டும் ஃபார்மல் ஷூவில் அடிப்படையாக இரண்டு வகை உண்டு. லேஸ் துளைகள் உள்ள இரண்டு மடல்களைப் பாருங்கள். மடல்களின் அடிப்பகுதி முன்பக்கத் தோலுக்குக் கீழே போய்த் தைக்கப்பட்டிருந்தால் அது ஆக்ஸ்ஃபோர்டு. மடல்கள் முன்பக்கத் தோலின் மேல் உட்கார்ந்து, கீழ் நுனியை விரலால் தூக்க வந்தால் அது டெர்பி. சூட்டுக்கு ஆக்ஸ்ஃபோர்டுதான் முதல் தேர்வு. கோடுகள் சுத்தமாக இருக்கும், பேண்ட் விளிம்பு தடங்கலின்றி அதன் மேல் படியும். ஆனால் புறங்கால் மேடாக உள்ளவர்களுக்கு அது இறுக்கிப் பிடிக்கும். அவர்கள் டெர்பி வாங்குவதே நல்லது. விரல் பகுதியில் குறுக்கே ஒரு தையல் மட்டும் ஓடும் கறுப்பு டெர்பி எந்த ரிசப்ஷனுக்கும் நேர்காணலுக்கும் போதும். துளை வேலைப்பாடு அதிகமாக உள்ள புரோக், இளம் சாம்பல் அல்லது பருத்தி சூட்டுக்கு நன்றாக இருக்கும். கறுப்பு சூட்டோடு ஒட்டாது.

லேஸ் இல்லாமல் காலை நுழைத்துப் போடும் லோஃபரை லினன், பருத்தி சூட்டுகளோடு போடலாம். நேர்காணலுக்கு வேண்டாம். நம் ஊரில் வீடு, கோயில், பூஜை நடக்கும் இடம் என்று ஷூவைக் கழற்றி மாட்டும் வேலை அதிகம் என்பதால் லேஸ் ஷூவை விட்டு ஓடுபவர்கள் உண்டு. லேஸை அவிழ்க்காமல் பின்பக்கத்தை மிதித்துக் காலை நுழைப்பதால்தான் நல்ல ஷூக்கள் கெடுகின்றன. குதிகாலைத் தாங்கும் விறைப்பான பகுதி ஒருமுறை மடங்கிவிட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. குதிகாலை வழுக்கி உள்ளே இறக்க, சட்டைப்பையில் அடங்கும் சிறிய ஷூ ஹார்ன் ஒன்று வைத்துக்கொண்டால் அந்த ஆபத்து இல்லை.

மூக்கு நீண்டு கூர்மையாக இருக்கும் ஷூவும், நுனியில் சதுரமாக வெட்டியது போன்ற ஷூவும் வேண்டாம். மிதமாக உருண்டு குறுகும் மூக்கு எல்லா சூட்டுக்கும் பொருந்தும், பத்து வருஷம் கழித்தும் பழசாகத் தெரியாது.

சைஸ்: அதிகம் தவறு நடக்கும் இடம்

இந்தியக் கடைகளில் பிரிட்டிஷ் எண்கள்தான் வழக்கம். அதில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் 8.47 மி.மீ. ஐரோப்பிய எண்களில் 6.67 மி.மீ. இரண்டும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாததால் 42 என்பது ஒரு கம்பெனியில் 8 ஆகவும் இன்னொன்றில் 8½ ஆகவும் இருக்கும். எண்ணை நம்பாமல் காலை அளந்து வாங்க வேண்டும்.

மாலையில் அளக்கவும், பகல் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், ரிசப்ஷனும் மாலையில்தான். சுவரை ஒட்டித் தரையில் காகிதம் வைத்து, குதிகாலைச் சுவரில் முட்டவைத்து, முழு எடையையும் ஊன்றி நின்று, நீண்ட விரலின் நுனியில் குறி போடுங்கள். அது பலருக்குக் கட்டைவிரலாக இருக்காது, அடுத்த விரலாக இருக்கும். பிறகு பாதத்தின் மிக அகலமான இடத்தில் டேப்பைச் சுற்றிச் சுற்றளவு எடுங்கள். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலுக்கு ஷூ எடுங்கள். சிறிய காலுக்குள் மெல்லிய இன்சோல் போட்டுச் சமாளிக்கலாம்.

நம்மில் பலருக்கு விரல் பகுதி அகலம். ஐரோப்பிய, அமெரிக்க அளவுகள் இந்தியக் காலுக்குச் சரிவராது என்பது பழைய குறை. சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் காலை அளந்து, அகலமான பாதத்துக்கு ஏற்ற இந்திய அளவு முறையை 'பா' என்ற பெயரில் முன்மொழிந்திருக்கிறது. அந்த அளவில் ஷூ வரும்வரை, அகலம் போதாதபோது ஒரு சைஸ் கூட்டி வாங்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நீளம் கூடினால் ஷூ மடங்கும் இடமும் கால் மடங்கும் இடமும் வேறுவேறாகிவிடும். தோலில் ஆழமான மடிப்பு விழுந்து அது விரல் கணுவைக் கடிக்கும், குதிகால் வெளியே வழுக்கும். அதே நீளத்தில் அகலமான ஃபிட்டிங் இருக்கிறதா என்று கேளுங்கள். பெட்டியில் ஜி, ஹெச் என்று போட்டிருக்கும். இல்லையென்றால் வேறு கம்பெனிக்குப் போங்கள்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது சூட்டோடு போடப்போகும் அதே சாக்ஸ் காலில் இருக்கட்டும். லேஸ் கட்டியபின் மடல்கள் இரண்டுக்கும் நடுவே 1 செ.மீ. அளவுக்கு இடைவெளி இருந்தால் சரி. புதிதிலேயே முழுக்க மூடிக்கொண்டால் ஷூ பெரிது. தோல் தளர்ந்தபின் இறுக்க இடமே இருக்காது. 2 செ.மீ.க்கு மேல் விரிந்து நின்றால் அந்த வடிவம் உங்கள் புறங்காலுக்கு ஆகாது. நீண்ட விரலுக்கு முன்னால் 1 முதல் 1.5 செ.மீ. வரை இடம் வேண்டும். நடக்கும்போது குதிகால் சில மி.மீ. எழும்பினால் பயப்பட வேண்டாம். சோல் வளையத் தொடங்கியதும் நின்றுவிடும். பக்கவாட்டில் சுண்டுவிரல் அழுந்தினால் வாங்காதீர்கள். "போடப் போட லூஸ் ஆயிடும் சார்" என்பது அகலத்தில் ஓரளவுக்குத்தான் நடக்கும், நீளத்தில் நடக்கவே நடக்காது.

தோலும் சோலும்

'ஜெனுயின் லெதர்' என்ற முத்திரை அதில் தோல் இருக்கிறது என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. மேல்தோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல முழுத்தோலில் மெல்லிய ரேகைகள் விரிந்து, விரலை எடுத்ததும் மறையும். மேற்பரப்பைத் தேய்த்து, மேலே தடித்த பூச்சு ஏற்றிய தோல் கண்ணாடி போல ஒரே சீராக மின்னும். அழுத்தினால் ரேகை வராமல் மொத்தமாகக் குழியும். ஆறு மாதத்தில் மடிப்பில் பூச்சு வெடிக்கும், எந்த பாலிஷும் அதை மூடாது.

சோல் ஒட்டப்பட்டதா தைக்கப்பட்டதா என்று கேளுங்கள். ஒட்டியது மலிவு, எடை குறைவு, பிரிந்தால் மீண்டும் ஒட்டலாம். பிளேக் தையலில், சோலையும் மேல்தோலையும் ஒரே தையல் உள்ளிருந்து துளைத்துப் பிடிக்கும். நன்றாக வளையும், ஆனால் தையல் துளை வழியே மழைத்தண்ணீர் ஏறும். குட்இயர் வெல்ட் முறையில் மேல்தோலும் உள்சோலும் ஒரு பட்டையோடு தைக்கப்படும். அந்தப் பட்டையோடு வெளிச்சோல் தனியாகத் தைக்கப்படும். அதனால் மேல்தோலைத் தொடாமல் சோலை மட்டும் மாற்ற முடியும். விளிம்பில் தையல் தெரிகிறது என்பதற்காக நம்பிவிட வேண்டாம். அச்சிலேயே பொய்த் தையல் வார்த்து விற்கிறார்கள். நகத்தால் தடவிப் பாருங்கள், உண்மையான நூல் தட்டுப்படும்.

தோல் சோல் அழகுதான். ஆனால் நம் மண்டபங்களின் பளபளப்பான கிரானைட் தரையில் வழுக்கும், ஈரத்தில் ஊறும். மெல்லிய ரப்பர் சோல், அல்லது தோல் சோலின் முன்பகுதியில் 1 மி.மீ. ரப்பர் ஒட்டியது நமக்கு ஏற்றது.

ஒன்றை மறக்கக் கூடாது. பியூ (பாலியூரித்தேன்) சோல் வைத்த ஷூவை நாலைந்து வருஷம் பெட்டியில் போட்டு வைத்து, ஒரு கல்யாணத்துக்கு எடுத்து மாட்டினால் நடக்க நடக்கச் சோல் பொடிப்பொடியாக உதிரலாம். பாலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து உள்ளுக்குள் சிதைவதே காரணம். வெளியே பார்த்தால் புதுசு போலவே இருக்கும். நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் இது சீக்கிரம் நடக்கும். விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பே எடுத்து, சோல் விளிம்பை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுப்போ விரிசலோ தெரிந்தால் அதைப் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். இத்தகைய ஷூவைப் பத்திரப்படுத்துவதைவிட அடிக்கடி போடுவதே மேல்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரம் வெளிநாடுகளுக்குத் தோல் ஷூ செய்து அனுப்புகிறது. ஆம்பூரில் ஏற்றுமதியில் மிஞ்சியவை கடைகளில் விற்பனைக்கு வருவதுண்டு. வாங்கினால் இரண்டு ஷூவிலும் உள்ளே அச்சிட்ட சைஸ் ஒன்றா, வெயில் வெளிச்சத்தில் இரண்டின் நிறமும் ஒன்றா என்று பாருங்கள். தள்ளுபடிக்கான காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

நிறப் பொருத்தம்

பேண்ட்டைவிட ஷூ அடர்ந்த நிறமாக இருக்கட்டும். பெரும்பாலான குழப்பங்களை இந்த ஒரு விதியே தீர்த்துவிடும். நேவி சூட்டுக்கு கறுப்பு, அடர் பழுப்பு, கருஞ்சிவப்பு மூன்றும் பொருந்தும். கரிச்சாம்பலுக்கு கறுப்பு அல்லது கருஞ்சிவப்பு. நடுத்தரச் சாம்பலுக்கு அடர் பழுப்பு அழகு. இளம் சாம்பல், சந்தன நிறம் என்றால் பழுப்பு மட்டும்; அங்கே கறுப்பு ஷூ தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். கறுப்பு சூட்டுக்கு கறுப்பைத் தவிர வேறெதுவும் வேண்டாம். நேவி சூட்டோடு வெளிர் பழுப்பு ஷூ போடுவது நம் மேடைகளில் பரவிவிட்டது. ஆனால் ஃபோட்டோவில் முதலில் கண்ணில் படுவது காலாகிவிடுகிறது. அடர் பழுப்பில் அந்தச் சிக்கல் இல்லை.

ஒரே ஒரு சூட் என்றால் நேவி எடுங்கள். கறுப்பு சூட் பகல் வெளிச்சத்தில் தட்டையாகத் தெரியும், தூசி அப்பட்டமாகக் காட்டும், அலுவலகத்துக்கும் ஒத்துவராது.

பெல்ட் ஷூவின் நிறக் குடும்பத்திலேயே 3 முதல் 3.5 செ.மீ. அகலத்தில் இருக்கட்டும். ஜீன்ஸ் பெல்ட் வேண்டாம். சாக்ஸ் பேண்ட்டின் நிறத்தில், பாதிக் கெண்டைக்கால் வரை ஏறுவதாக இருக்க வேண்டும். மேடையில் உட்கார்ந்தால் பேண்ட் ஏறும். அப்போது முடியும் தோலும் தெரியக் கூடாது. முழு நைலானில் கால் வெந்துவிடும், பருத்தி அதிகமுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

துணி: நம் வெயிலுக்கு எது

இரண்டு பீஸ் சூட்டுக்கு 150 செ.மீ. அகலத்தில் 3 முதல் 3.25 மீட்டர் துணி வேண்டும். வெயிஸ்ட்கோட்டும் சேர்ந்தால் 3.5 மீட்டர். கடைகளில் அதிகம் காட்டப்படும் பாலி-விஸ்கோஸ் மலிவானது, கசங்காது. ஆனால் வியர்வையை வெளியே விடாது, மேடை விளக்கில் மினுங்கும். பாலியெஸ்டரும் கம்பளியும் கலந்த டெரிவுல் நடுத்தரம். முழுக் கம்பளி சூடாக இருக்கும் என்பது தவறான எண்ணம். மெல்லிய கம்பளிநூலைத் தளர்வான சாதா நெசவில் நெய்த துணி, பாலியெஸ்டரைவிடக் காற்றோட்டமாக இருக்கும். 150 செ.மீ. அகலத் துணியில் ஒரு மீட்டருக்கு 240 முதல் 280 கிராம் எடையுள்ளதைக் கேளுங்கள். துணியை வாயருகே பிடித்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் கையில் காற்று பட்டால் சென்னைக்கும் மதுரைக்கும் அது தாங்கும்.

விளிம்பில் உள்ள 'சூப்பர்' எண் இழையின் மென்மையைச் சொல்வது. சூப்பர் 100 என்றால் இழை அதிகபட்சம் 18.75 மைக்ரான், 120 என்றால் 17.75. எண் ஏற ஏற வழவழப்பு கூடும், கசங்கலும் தேய்மானமும் கூடும். முதல் சூட்டுக்கு 100 முதல் 120 வரை போதும்.

நல்ல கம்பளிக்குள் முழு பாலியெஸ்டர் லைனிங் வைத்தால் பிளாஸ்டிக் பையை உள்ளே போட்டது போலத்தான். முதுகின் மேல்பகுதிக்கும் கைக்கும் மட்டும் லைனிங் வைத்து, அதுவும் விஸ்கோஸ் அல்லது குப்ரோ (பருத்தி இழையிலிருந்து செய்யும் வழவழப்பான துணி) வைக்கச் சொல்லுங்கள். கோட்டின் முன்பக்கத்துக்கு வடிவம் கொடுக்க உள்ளே கேன்வாஸ் வைத்துத் தைப்பதும் உண்டு, பசைத்துணியை ஒட்டி முடிப்பதும் உண்டு. டிரை கிளீனிங் வெப்பத்தில் பசை பிடி விட்டுவிட்டால் மார்பில் கொப்புளம் கொப்புளமாக எழும். அதைச் சரிசெய்ய வழியில்லை. பட்டன் துளைக்குக் கீழே வெளித்துணியையும் உள்துணியையும் இரு விரல்களால் பிரித்துக் கிள்ளிப் பாருங்கள். நடுவே மூன்றாவதாக ஒரு துணி தனியாக நழுவினால் கேன்வாஸ் இருக்கிறது. மார்பு வரையாவது கேன்வாஸ் வைத்துத் தரும் டெய்லருக்குக் கூடுதல் கூலி கொடுப்பது தகும்.

டிரயலில் பார்க்க வேண்டியவை

டெய்லருக்கு மூன்று முதல் நான்கு வாரம் கொடுங்கள், ஓட்டுத்தையல் நிலையில் ஒன்றும் முடிந்தபின் ஒன்றுமாக இரண்டு டிரயல் கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே ஷூ, அதே சட்டை.

முதலில் தோள். கோட்டின் தோள்தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் முடிய வேண்டும். சுவரின் பக்கவாட்டில் நின்று மெல்லச் சாயுங்கள். உங்கள் கைக்கு முன்பே தோள் பேட் சுவரைத் தொட்டால் கோட் பெரிது. தோளுக்குக் கீழே கையில் குழி விழுந்தாலும் அதே பொருள். ரெடிமேடு வாங்கும்போது தோள் சரியாக இருப்பதை மட்டும் எடுங்கள், மற்றதை ஆல்டர் செய்துகொள்ளலாம். தோளையும் கோட்டின் நீளத்தையும் மாற்றப் போனால் கோட்டே கெடும்.

பிறகு காலர். கழுத்துக்குப் பின்னால் கோட் காலர் சட்டைக் காலரோடு ஒட்டி நிற்க வேண்டும், அதற்கு மேல் சட்டைக் காலர் 1 முதல் 1.5 செ.மீ. தெரிய வேண்டும். நடுவே இடைவெளி இருந்தால் முதல் டிரயலிலேயே சொல்லுங்கள். மேல் பட்டனைப் போட்டால் வயிற்றுக்கு முன் ஒரு முஷ்டி நுழையும் இடம் போதும். பட்டனிலிருந்து பெருக்கல் குறி போல மடிப்புகள் இழுத்தால் இடுப்பு இறுக்கம். கோட்டின் நீளம் பின்புறத்தை முழுக்க மூட வேண்டும். கையைத் தொங்கவிட்டால் கோட் கை மணிக்கட்டு எலும்பில் முடிந்து, சட்டைக் கஃப் 1 செ.மீ. வெளியே தெரிய வேண்டும்.

அக்குளை மறந்துவிடுகிறார்கள். இரண்டு கையையும் தூக்குங்கள். முழுக் கோட்டும் கூடவே எழும்பினால் அக்குள் வெட்டு மிகத் தாழ்வு. "ஃப்ரீயா இருக்கட்டும்" என்று டெய்லர் தாழ்த்தி வெட்டுவார். உண்மையில் அக்குளுக்கு நெருக்கமாக வெட்டினால்தான் கை சுலபமாக அசையும். வெட்டியபின் இதைத் திருத்த முடியாது, அளவு கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

பேண்ட் தொப்புளுக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும். பக்கவாட்டுப் பாக்கெட் காது போல விரிந்தால் சீட் இறுக்கம். தொடையில் இருபக்கமும் 2.5 செ.மீ. துணியைக் கிள்ள முடிந்தால் உட்காரும்போது பிடிக்காது. ஷூவைப் போட்டு நின்றால், முன்பக்க விளிம்பு லேஸின் மேல் இலேசாகப் பட்டு ஒரே ஒரு மெல்லிய மடிப்பு விழ வேண்டும். பின்பக்கம் 1 செ.மீ. தாழ்வாக, ஷூவின் பின்விளிம்பை மூட வேண்டும். உள்ளே மடித்துத் தைக்க 4 செ.மீ. துணி விட்டு வைக்கச் சொல்லுங்கள். பாட்டம் 15 முதல் 16 இஞ்ச் சுற்றளவு பெரும்பாலோருக்குப் பொருந்தும்.

போடும் முறை

புதுக் கோட்டின் பின்பிளவில் பெருக்கல் குறியாகப் போட்ட நூலையும், கையில் தைத்த கம்பெனி லேபிளையும் பிரித்தெடுங்கள். அவை கடைக்கானவை. இரண்டு பட்டன் கோட்டில் மேல் பட்டன் மட்டும். மூன்று பட்டனில் நடு பட்டன். கடைசிப் பட்டன் எப்போதும் திறந்தே இருக்கட்டும், கோட் அப்படி வெட்டப்பட்டதுதான். உட்காரும்போது எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். முன்பக்கம் இரண்டு வரிசை பட்டன் உள்ள டபுள் பிரெஸ்ட் கோட் மட்டும் நிற்கும்வரை மூடியே இருக்க வேண்டும். டையின் நுனி பெல்ட் பக்கிளைத் தொட்டால் போதும்.

பராமரிப்பு

ஷூவைத் தொடர்ந்து இரண்டு நாள் போடாதீர்கள். கால் வியர்வை உலர ஒரு முழு நாள் வேண்டும். கழற்றியதும், வடிவம் குலையாமல் தாங்கும் மரத்தாலான ஷூ ட்ரீயை உள்ளே நுழைத்துவிடுங்கள். இல்லாதவர்கள் செய்தித்தாளைக் கசக்கித் திணிக்கலாம்.

பாலிஷ் போடும்போது லேஸைக் கழற்றித் தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். நிறத்துக்கேற்ற ஷூ கிரீமை ஒரு ஷூவுக்குப் பட்டாணி அளவு எடுத்து, துணியால் சிறு வட்டங்களாகத் தேயுங்கள். 10 நிமிடம் கழித்துக் குதிரைமுடி பிரஷ்ஷால் வேகமாகத் தேய்த்தால் பளபளப்பு வரும். மூக்குக்கும் குதிக்கும் மட்டும் கடைசியில் கொஞ்சம் டின் மெழுகு. பஞ்சு வைத்த திரவ பாலிஷ் அவசரத்துக்கு உதவும், ஆனால் அது மேலே ஒரு படலமாகப் படிந்து, நாளடைவில் மடிப்பில் வெடிக்கும்.

மழையில் நனைந்தால் வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்காதீர்கள். தோல் சுருங்கி விறைக்கும். காகிதம் திணித்து, பக்கவாட்டில் சாய்த்து, ஃபேன் காற்றில் காயவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காகிதத்தை மாற்றுங்கள். காய்ந்ததும் கிரீம் தடவ வேண்டும், இல்லையென்றால் தோல் வறண்டுவிடும். பூஞ்சை படிந்தால் வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, அதில் நனைத்த துணியால் வெளியே வைத்துத் துடைத்து, ஒரு நாள் நிழல்காற்றில் விடுங்கள்.

சூட்டை ஒவ்வொரு முறையும் டிரை கிளீனிங் கொடுத்தால் ஆயுள் குறையும். போட்ட அன்றிரவு அகலமான தோள் உள்ள ஹேங்கரில் மாட்டி, காற்றாடவிட்டு, துணி பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். கறை பட்டாலோ வியர்வை வாடை போகாவிட்டாலோ மட்டும் கொடுங்கள். கோட்டையும் பேண்ட்டையும் எப்போதும் சேர்த்தே கொடுக்க வேண்டும், தனித்தனியாகக் கொடுத்தால் நிறம் வேறுபடும். வந்ததும் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துப் பருத்தி உறையில் மாற்றுங்கள். பிளாஸ்டிக்குக்குள் ஈரம் தங்கும். அயர்ன் பாக்ஸை நேராக வைத்தால் கம்பளி மினுமினுப்பு ஏறிக் கெடும். நடுவே நனைத்துப் பிழிந்த பருத்தித்துணி வைத்துத் தேயுங்கள்.

ஷூவின் ஹீலை மாதம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அடியில் உள்ள ரப்பர் அடுக்கு வெளி ஓரத்தில் தேய்ந்து மேல் அடுக்கு தெரியத் தொடங்குவதற்குள் செருப்பு தைப்பவரிடம் கொடுத்தால் ரப்பரை மட்டும் மாற்றித் தருவார். அதைத் தாண்டித் தேய விட்டால் ஹீலையே கட்ட வேண்டியிருக்கும்.